பார்சல் வந்தது... பல் பொருந்தவில்லை!



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது, ஆனா அப்துல் கலாம் மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே அஞ்சு வந்திருச்சு" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். இந்த மூன்று வருடத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு வாட்டர் பம்ப். அதையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். இந்தப் பம்ப்பால் எங்கள் குடும்பத்தில் ஒரு ஜோடித் தோடு அடகுக்கடை வரைக்கும் போய் வந்திருக்கிறது.

எங்கள் ஊர் பேரையூர். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாக உள்ளே வரவேண்டும். தாலுகா தலைநகரம் என்று பெயர்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றாலும், ரயில், விமானம் என்றாலும் மதுரைப் பக்கம்தான் ஓட வேண்டும். அதனால் ஊரில் மஞ்சள் போர்டு கார் வைத்திருப்பவருக்குப் பிழைப்பு உண்டு. என் தாய்மாமா அப்படி ஒரு கார் வைத்திருக்கிறார். 2013 மாடல், செகண்ட் ஹேண்ட். கம்பெனி பெயர் எழுத மாட்டேன். அது இப்போது இந்தியாவில் கார் விற்பதில்லை என்பது மட்டும் போதும்.

அமாவாசை, பௌர்ணமி வந்தால் மாமாவுக்குத் தூக்கமே கிடையாது. எங்களுக்கு மேற்கே தெரிகிற மலையில்தான் சதுரகிரி. தாணிப்பாறை அடிவாரம் வரைக்கும் பக்தர்களைக் கொண்டுபோய் விட்டு, ராத்திரி கூட்டிக்கொண்டு வருவார். ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். நமக்கு செமஸ்டர் எப்படியோ, மாமாவுக்கு ஆடி அமாவாசை அப்படி. அதில் சம்பாதிப்பதை வைத்துத்தான் வருடத்துக் கடனை அடைப்பார்.

2024 ஜூன் இரண்டாவது வாரம். மதுரையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது டி.கல்லுப்பட்டி பக்கத்தில் டெம்பரேச்சர் முள் ஏறியிருக்கிறது. மாமா அனுபவசாலி, உடனே ஓரம் கட்டிவிட்டார். அதனால் ஹெட் காஸ்கெட் தப்பித்தது. பானட்டைத் திறந்தால் புகை. கீழே பச்சைத் தண்ணீர் சொட்டுகிறது. எங்கிருந்து? பம்ப்பின் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், வீப் ஹோல் என்பார்கள். உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்துபோனால் கூலன்ட் பேரிங்குக்குள் போய் அதைக் கெடுக்காமல், இந்த ஓட்டை வழியாக வெளியே சொட்டும். அதாவது பம்ப் நமக்கு எழுதும் கடிதம் அது. "என் காலம் முடியப் போகிறது" என்று!

ஊர் மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "பம்ப் போயிருச்சு. பம்ப் கொண்டாங்க, மாட்டித் தாறேன்" என்றார். அவ்வளவுதான். கொண்டு வருவது யார்? மதுரையில் நாலு கடை ஏறி இறங்கினோம். மாடல் பெயரைச் சொன்னதுமே ஒரு கடைக்காரர், "அந்த வண்டியா? அதை இன்னும் ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் புதுப்பேட்டைக்குப் போய்க் கேட்டான். "ஏதாவது ஆக்ஸிடென்ட் வண்டி உடைக்க வந்தாத்தான் கிடைக்கும்" என்று பதில் வந்தது. இன்னொருவன் வண்டி மோதும்வரைக்கும் நாங்கள் காத்திருக்க வேண்டுமாம்!

அப்போது நான் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். ஐ.சி. என்ஜின் பேப்பரில் நல்ல மார்க். வாயைத் திறந்தேன்: "மாமா, நான் வெளிநாட்டுல இருந்து ஆர்டர் போடுறேன். கழட்டி மாட்டுறதையும் நானே பாத்துக்கிறேன். மெக்கானிக் கூலி மிச்சம்." மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "மாப்ள, நீ படிச்சவன். நீ சொன்னாச் சரி" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் குத்துகிறது.

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசல் வேப்பமர நிழலில் வேலையைத் தொடங்கினேன். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவது டைமிங் பெல்ட். பழைய அம்பாசிடர் மாதிரி முன்னால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை எடுத்தால் பம்ப் கையில் வராது. ஒரு பக்க என்ஜின் மவுண்டிங், கவர், டென்ஷனர், பெல்ட் எல்லாம் எடுக்க வேண்டும். டைமிங் மார்க் தெரியவில்லை என்று அத்தையின் நெயில் பாலிஷை வாங்கி அடையாளம் வைத்தேன். அதுவரைக்கும் சரி. ஆறாவது போல்ட் வரவில்லை. வாடகைக்கு வாங்கிய நீளமான கைப்பிடியைப் போட்டு அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். எம்6 போல்ட்டின் தலை என் கையில், உடம்பு அலுமினியத்துக்குள்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் டார்ஷன் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆறு மில்லி போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு தாங்கும் என்பது மட்டும் கைக்குத் தெரியவில்லை. சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் அதற்கு உரியது. நான் போட்டது எவ்வளவோ! எங்கள் வீட்டில் டார்க் ரென்ச் இல்லை. உங்கள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

சரி, ஆர்டர் கதைக்கு வருவோம். ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் எங்கள் மாடல் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினேன். படத்தில் பம்ப் அச்சு அசலாக எங்களுடையது போலவே இருந்தது. விலை 5,400 ரூபாய். அனுப்பும் செலவு 3,800. '12 முதல் 15 நாட்களில்' என்று போட்டிருந்தது. ஜூன் 20 அன்று மாமாவின் கார்டில் பணம் கட்டினோம்.

பன்னிரண்டு நாள் போனது. இருபது நாள் போனது. தினமும் காலையில் மாமா கேட்பார், "எங்க மாப்ள இருக்கு?" நான் போனைப் பார்த்து, "இன்னும் கஸ்டம்ஸ்ல மாமா" என்பேன். பிறகு ஒருநாள் அடையாளச் சான்று கேட்டுத் தகவல் வந்தது. அது ஆறு நாளாக என் ஸ்பாம் பெட்டியில் கிடந்திருக்கிறது! ஆதாரை அனுப்பினேன். அப்புறம் வரி. நண்பன் ஒருவன், "கிப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தா வரியே வராதுடா" என்று ஐடியா சொன்னான். அவனைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. வாட்டர் பம்ப் இரண்டிலும் சேராது.

வரிக்கணக்கு எப்படி என்று நம் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். பொருளின் விலையோடு கப்பல், விமானச் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்பு போடுவார்கள். அதாவது அனுப்பும் செலவுக்கும் சேர்த்து வரி. அந்த மதிப்பு 10,000 என்றும், சுங்கவரி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். சுங்கம் 1,000. அந்தச் சுங்கத்தின் மேல் சமூக நலச் சர்சார்ஜ் 10 சதவீதம், அது 100. ஆக 11,100. இந்த மொத்தத்தின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. நாங்கள் வாங்கியபோது அது 28 சதவீதம், அதாவது 3,108. (2025 செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். எங்கள் நேரம்!) பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் 14,208 ஆகிவிட்டது. இதற்கு மேல் கூரியர்க்காரரின் கையாளும் கட்டணம். எங்களுக்கு வரியும் கட்டணமுமாக 4,700 சொச்சம் வந்தது. 5,400 ரூபாய்ப் பம்ப் வீடு வந்து சேரும்போது கிட்டத்தட்ட 13,900.

வந்து சேர்ந்தது எப்போது? ஆகஸ்ட் 9. ஆடி அமாவாசை எப்போது? ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை.

அந்த நாலைந்து நாளில் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோட்டில் போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி செங்கல் மேல் நின்றது. வழக்கமாக இவரைக் கூப்பிடும் பார்ட்டிகள் போன் செய்தார்கள். "வண்டி ஒர்க்ஷாப்ல இருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்றார். மரத்தடிக்கு ஒர்க்ஷாப் என்று கௌரவம்! அந்த மாதத் தவணைக்கு அத்தையின் தோடு போனது எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அத்தை காதில் வேப்பங்குச்சியோடு நின்றதைப் பார்த்து என் அம்மா கேட்டதில்தான் வெளியே வந்தது.

பார்சலைப் பிரித்தோம். புதுப் பம்ப் பளபளவென்று இருந்தது. பழையதைப் பக்கத்தில் வைத்தேன். போல்ட் ஓட்டைகள் ஆறும் சரி. இம்பெல்லர் சரி. பெல்ட் ஓடும் பல் சக்கரத்தைப் பார்த்தேன். ஏதோ இடித்தது. எண்ணினேன். பழையதில் 20 பல். புதியதில் 22. மறுபடி எண்ணினேன். மாமாவும் எண்ணினார். அத்தையும் வந்து எண்ணினார். யார் எண்ணினாலும் இருபத்திரண்டுதான்.

விற்றவனுக்கு எழுதினேன். ஒழுங்காகவே பதில் போட்டான். "உங்கள் செலவில் திருப்பி அனுப்பினால் பொருளின் விலையைத் தருகிறோம்" என்று. திருப்பி அனுப்பும் செலவு பம்ப்பின் விலையை விட அதிகம். கட்டிய வரியை மீட்பதற்கான வழிமுறையைப் படித்தபோது எனக்கு அரியர் பேப்பர் எழுதுவதே சுலபம் என்று தோன்றியது.

இந்த இடத்தில் நான் அவனைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். அதே கார், அதே வருடம், ஆனால் இரண்டு வகை எஞ்சின் போட்டு வெவ்வேறு நாடுகளில் விற்றிருக்கிறார்கள். ஆர்டர் போடும்போது நான் கொடுத்தது மாடல் பெயரும் வருடமும். கொடுத்திருக்க வேண்டியது சேஸிஸ் நம்பரும் எஞ்சின் கோடும். 17 இலக்க சேஸிஸ் நம்பர் என்று நாம் எத்தனை முறை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்திருக்கிறோம்! அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால். அந்தப் பதினேழில்தான் எந்தத் தொழிற்சாலை, என்ன மாடல், எந்த எஞ்சின் என்ற சரித்திரம் இருக்கிறது. கம்பெனியின் பார்ட்ஸ் கேட்டலாக் அதை வைத்துத்தான் திறக்கும். பழைய பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மாறியிருந்தால் பாகமே திருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவனுக்குத் தெரியாது!

பாதி தப்பு என்னுடையது. மீதிப் பாதியைப் பற்றித்தான் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் கேட்டலாக் யார் கையில் இருக்கிறது? கம்பெனியின் கையிலும் அதன் டீலர் கையிலும். பேரையூர் மெக்கானிக் அண்ணன் கையில் இல்லை. நம் கல்லூரி நூலகத்தில் இல்லை. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் ஸ்பேர்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களோடு முடக்கி வைக்கிறார்கள் என்று. விசாரணை நடந்து, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் தீர்ப்புச் சொன்னது. ஸ்பேர்ஸும் கருவிகளும் தனி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டது. அதில் விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் உண்டு. அந்த வருட டிசம்பரில் அதற்காக இணையதளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் கம்பெனியே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்ட வண்டிக்கு?

இது ஒருவர் இருவர் பிரச்சினை அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022-ல் மறைமலைநகர்த் தொழிற்சாலை நின்றது. (எங்கள் வண்டி இந்த இரண்டும் அல்ல, ஊகிக்க வேண்டாம்!) கம்பெனிகள் வருவதும் போவதும் வியாபாரம். வண்டி மட்டும் போவதில்லை. அது செகண்ட் ஹேண்டாகி, தேர்டு ஹேண்டாகி, நகரத்திலிருந்து இறங்கி, கடைசியில் நம் மாதிரி ஊருக்குத்தான் வந்து சேர்கிறது. ஸ்பேர்ஸ் இல்லாத வண்டி விலை குறைவாக இருக்கும், அதனால்தான் மாமா மாதிரி ஆட்கள் வாங்குகிறார்கள். பிறகு ஸ்பேர்ஸ் இல்லாமல் தவிப்பதும் அவர்களே. போகிற கம்பெனி தன் பார்ட்ஸ் கேட்டலாக்கையும் அளவுகளையும் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் என்ன? விற்காத காருக்கு எதற்கு ரகசியம்? இது என் தாழ்மையான கருத்து. மறுப்பவர்கள் அடுத்த மலரில் எழுதலாம்.

மாமாவின் அப்பா அம்பாசிடர் வைத்திருந்தார். அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, நம் நாட்டில் வேறு பெயரோடு 2014 வரைக்கும் வந்தது. அதற்கு வாட்டர் பம்ப் கிட் என்று தனியாகவே விற்பார்கள். சீல், பேரிங், ஷாப்ட். பழைய பம்ப்பின் உடம்பு அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் மாற்றுவார்கள். அந்த வண்டி மாதிரி மெதுவாகப் போ என்று கிண்டல் செய்கிறோம். ஆனால் அந்த வண்டி இந்த மாதிரி 72 நாள் நின்றதில்லை என்கிறார் மாமா.

பாகம் இல்லாத காலம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதா? மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றைத் தயாரித்தார். கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓடியது. தேய்ந்த டயருக்கு மறு ரப்பர் போடும் வேலையும் அவர்கள் செய்தார்கள். அதே குடும்பத்துக் கம்பெனிகள்தான் பின்னாளில் பிரேக், எலெக்ட்ரிக்கல், போல்ட்-நட் என்று உலகத்துக்கே பாகம் செய்து அனுப்பின. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொண்ணூறுகளிலேயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்தது. நம் மண்ணிலிருந்து மூடி அமெரிக்கா போகிறது. நான் ஒரு பம்ப்புக்காக 50 நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

இதைவிடப் பெரிய பாடம் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1990 ஜூனில் அங்கே போர் மறுபடி மூண்டபின் பெட்ரோல், பேட்டரி எல்லாம் தடைப்பொருட்கள். அங்கே இருந்ததோ பழைய மோரிஸ், ஆஸ்டின் ஏ40 கார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஸ்டார்ட் ஆகாது. அதனால் கைவசம் உள்ள சில சொட்டுப் பெட்ரோலைக் கார்ப்புரேட்டரில் விட்டுக் கிளப்பிவிட்டு, மேனிஃபோல்டு சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். ஆக்டேன் குறைவு, நாக்கிங் வரும். ஆனால் அந்தப் பழைய எஞ்சின்களின் கம்ப்ரஷன் ரேஷியோ குறைவு என்பதால் தாங்கின. இன்றைய எஞ்சினில் நடக்காது. நம் ஐ.சி. என்ஜின் புத்தகத்தில் மூன்று அத்தியாயம் அந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்தவர்கள் அல்ல அவர்கள், ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக வேண்டியவர்கள்.

(ஆண்டு மலர் என்றால் ஜி.டி. நாயுடு வராமல் இருக்கக் கூடாதாம். ஆகவே: அவர் தன் முதல் மோட்டார் சைக்கிளை வாங்கியதும் முதலில் செய்தது, அதைப் பிரித்து மறுபடி பூட்டியது. 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கியவரும் அவரே. கவனிக்க: பிரித்தது தன் சொந்த வண்டியை, மாமா வண்டியை அல்ல!)

இப்போது முடிவைச் சொல்கிறேன். ஒடிந்த போல்ட்டை எடுக்கத் திருமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போகச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். பட்டறைப் பையனை மோட்டார் வெல்டிங்கோடு எங்கள் வீட்டுக்கே அனுப்பி, ஒடிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுக்க வைத்தார். பத்து நிமிஷம். நான் இரண்டு வாரம் டிரில் பிட்டோடு அதைச் சுற்றி வந்திருக்கிறேன்.

பிறகு பெரியவர் பழைய பம்ப்பைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "தம்பி எங்க படிக்கிறீக?" என்றார். சொன்னேன். "அப்ப நீங்களே அளந்து சொல்லுங்க" என்று வெர்னியரை நீட்டினார். கை நடுங்கியது, ஒத்துக்கொள்கிறேன். பேரிங் வெளிவிட்டம் 30 மில்லி. ஷாப்ட் 16-க்கு ஒரு நூல் குறைவு. "அப்பறம் என்ன? இது எல்லாப் பம்ப்லயும் போடுற சைஸுதான். இதுக்கா கப்பல்ல ஆள் விட்டீக?" என்றார்.

வேறொரு வண்டியின் பேரிங்கும் சீலும் மதுரையில் கிடைத்தன. இரண்டும் சேர்த்து 640 ரூபாய். ஷாப்ட் நாலு மில்லி நீளமாக இருந்தது. கிரைண்டரில் வெட்டினார். அலுமினிய உடம்பைச் சூடாக்கி, பிரஸ்ஸில் வைத்துப் பேரிங்கை இறக்கினார். லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸில் 'இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்' என்று நாம் கட்டம் போட்டு எழுதுகிறோமே, அது போகும்போது ஒரு சத்தம் வரும். எந்தப் புத்தகத்திலும் அந்தச் சத்தம் இல்லை. பேக்கிங் ஷீட்டைப் பம்ப் முகத்தில் வைத்துச் சுத்தியலால் ஓரம் தட்டியே கேஸ்கெட் வெட்டினார். கூலி 500. டைமிங் பெல்ட்டையும் பல் எண்ணி, அகலம் அளந்து, மதுரையிலேயே புதிதாக வாங்கினோம். இந்த முறை மாட்டியது மெக்கானிக் அண்ணன். டார்க் ரென்ச்சைப் பிடித்தது நான்.

ஆகஸ்ட் 24 அன்று வண்டி கிளம்பியது. 72 நாள்.

இதை வைத்து, "எல்லாம் லேத்திலேயே முடியும், வெளிநாட்டுப் பாகமே வேண்டாம்" என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இதை எங்கள் துறை சாரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் பாராட்டவில்லை, திட்டினார். "அந்தப் பேரிங் ஓட்டத்துல இறுகிப் போனா என்னாகும்?" பெல்ட் அறும். பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின் அது. வால்வு வளையும். ஆக, அது அவசரத்துக்கு ஓட்டலாம், நம்பி இருக்கக் கூடாது. அவர் சொன்னது சரி. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் இவற்றிலெல்லாம் கைவைத்தியம் வேலைக்கு ஆகாது. இன்று பாதிப் பாகங்கள் கம்ப்யூட்டரோடு பேசிக்கொள்கின்றன. சரியான பாகத்தையே வாங்கி மாட்டினாலும், கம்பெனி ஸ்கேனர் வந்து அறிமுகம் செய்துவைத்தால்தான் வண்டி அதை ஏற்றுக்கொள்ளும். அதற்கு எந்தப் பெரியவரின் லேத்தும் உதவாது.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். நமக்கு மூன்று வருடத்தில் எத்தனை ரெக்கார்டு நோட்டு! ஒரே ஒரு ப்ராக்டிகல், ஒரு பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, "இதை அளந்து, நம்பர் கண்டுபிடித்து, எங்கே கிடைக்கும், என்ன விலை, வந்து சேர எத்தனை வரி என்று எழுது" என்று வைத்தால் என்ன? ஒரு வருடத்தில் எந்தப் பாகம் எந்த வண்டியின் பாகத்தோடு பொருந்தும் என்று நம் கல்லூரியிலேயே ஒரு பேரேடு சேர்ந்துவிடும். பெரியவருக்கு அது முழுக்க மனசில் இருக்கிறது. அவருக்குப் பிறகு அது எங்கே போகும்? மாணவர் பேரவை நினைத்தால் இந்த வருடமே தொடங்கலாம். கலைவிழா மேடை அலங்காரத்தில் ஒரு சீரியல் செட் குறைந்தால் நோட்டும் வெர்னியரும் வாங்கிவிடலாம். (கலைவிழாச் செயலாளர் மன்னிக்க!)

மாமாவுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "மாமா, இனிமே நீங்க சோறு திங்கிற வண்டியில நான் படிக்க மாட்டேன்." அவர் சிரித்துவிட்டு, "படிக்காம எங்க போய்ப் படிப்ப?" என்றார்.

அந்த தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் ஊருக்கு வந்தார். இந்த முறை சேஸிஸ் நம்பர், எஞ்சின் கோடு, பல் எண்ணிக்கை, பழைய பம்ப்பின் படம் நாலு பக்கத்திலிருந்து, எல்லாம் முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். அங்கேயும் நம்மைப் போல வலது பக்க ஸ்டியரிங், அதே எஞ்சின் ஓடுகிறது. சட்டைத் துணிக்குள் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். அத்தைதான் முதலில் எண்ணினார். இருபது. அதை மாட்டியாகிவிட்டது. பெரியவர் செய்து கொடுத்த பம்ப் துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தோடு தை மாதம் திரும்பி வந்தது.

இருபத்திரண்டு பல் பம்ப்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு மாதம் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருந்தேன். இப்போது சாரிடம் அனுமதி வாங்கி, ஹேக்ஸாவால் குறுக்கே அறுத்து, கட் செக்ஷன் மாடலாகப் பெயிண்ட் அடித்து நம் லேபில் வைத்திருக்கிறேன். சீல் சிவப்பு, பேரிங் மஞ்சள். வீப் ஹோலுக்கு நேராக ஒரு அம்புக்குறி. முதலாம் ஆண்டுத் தம்பிகள் வந்து பார்க்கலாம். தொட்டுப் பார்க்கலாம். பல்லை மட்டும் தயவுசெய்து எண்ணிவிட்டு என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு